ஆறு அங்குலம் ஒரு நூல்

ஒரு மனிதனைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு எத்தனை கேள்விகள் கேட்க வேண்டுமோ அத்தனையும் படிவம் ஏழில் இருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. பதினெட்டாவது கேள்வி, விண்ணப்பதாரரின் இடது காதின் நீளம். நைனா முகம்மது மற்ற நாற்பதையும் ஒரே மாலையில் எழுதிவிட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நூலைக் காதில் வைத்தால் கண்ணாடியைப் பிடிக்கக் கை இல்லை. கண்ணாடியைப் பிடித்தால் நூல் நழுவியது. அளந்து சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது. கடைசியில் பால்காரி அமிர்தம் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்து, "ரெண்டரை அங்குலம் இருக்கும் பாய், போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

இது எழுபத்திரண்டாம் வருஷத்துக் கதை. விருத்தாசலத்தில் அப்போது ஆயுதப் பொருத்தப் பரிசீலனை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. இப்போது தேடினால் கிடைக்காது, தேட வேண்டிய அவசியமும் இல்லை. கைத்துப்பாக்கிக்கும் அதை வைத்திருப்பவருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து உரிமம் தருவதும், வருஷா வருஷம் அதைப் புதுப்பிப்பதும் அதன் வேலை. ஸ்ரீமுஷ்ணம், கம்மாபுரம், நல்லூர் எல்லாம் சேர்த்து அந்த வட்டாரத்தில் கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பதினொரு பேர். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் பதினான்கு பேர். இன்னும் இரண்டு இடம் காலி என்று அவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

நைனா முகம்மது முந்திரிக்கொட்டை வியாபாரி. ஐம்பத்து மூன்றில், பணத்தோடு தனியாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு ரிவால்வர் வாங்கினார். ஆறு குண்டு போடுகிற, உருளை சுழல்கிற, கனத்த ரகம். அதைப் பச்சை பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வார். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சுட்டார், அதுவும் மணிமுத்தாற்று மணலில், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. வேலை செய்தது. காக்கைகள் பறந்தன. கூட வந்திருந்த அவர் மனைவி ரசியா பேகம் காதைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ரசியா போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் சம்சுதீன் குவைத்தில். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும்: நலம், நலமறிய ஆவல், இங்கே வெயில் அதிகம், மற்றவை பின்பு. அந்த மற்றவை எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை. வியாபாரத்தையும் விட்டாயிற்று. ஜங்ஷன் ரோட்டில் நான்கு அறை வீட்டில் அவரும் ரிவால்வரும் இருந்தார்கள். பயம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் வீட்டில் சத்தமே இல்லை. சத்தமில்லாத வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது வினை வந்தது. குண்டில்லாத துப்பாக்கியை நீட்டி, விசையை ஒருமுறை இழுத்துக் காட்ட வேண்டும் என்பது அலுவலகத்தின் சடங்கு. வருஷா வருஷம் செய்ததுதான். இந்தத் தடவை ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. வாதம். ரிவால்வரின் விசையோ முழுப் பலத்தோடு இழுத்தால்தான் அசையும். அப்போதுதான் உருளை சுழன்று, குண்டை அடிக்கும் குதிரை ஏறி விழும். நைனா முகம்மது இரண்டு விரலைப் போட்டு இழுத்தார். முகம் சிவந்ததே தவிர விசை நகரவில்லை. பரிசீலனை அதிகாரி ஆதிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் காத்திருந்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்: "ஆயுதத்தில் குறை இல்லை. உரிமதாரர் பழுது."

வெளியே வந்தபோது எழுத்தர் கோதண்டபாணி பின்னாலேயே வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், முட்டி வலிக்காரர், நல்ல மனுஷன். "மனசு வுட்டுடாதீங்க பாய். பிஸ்டல்னு ஒண்ணு இருக்குது. அரைத் தானியங்கி. விசை லேசா இருக்குமாம். மெட்ராசுக்குப் போயி ஒரு நட பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

மெட்ராசில் துப்பாக்கிக் கடைக்காரர் கோட்டு போட்ட பெரியவர். மூன்று பிஸ்டல்களைப் பச்சைத் துணிமேல் வரிசையாக வைத்தார்.

"ரிவால்வர் பழகினவங்களுக்கு இது முதல்ல கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கும் சார். அதுல குண்டு எங்க இருக்குன்னு கண்ணால பார்க்கலாம். இதுல எட்டும் கைப்பிடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மேல இருக்கற இந்த மூடிய ஒரு தரம் பின்னால இழுத்து விட்டா முதல் குண்டு ஏறிடும். அப்புறம் ஒவ்வொண்ணும் தானா ஏறிக்கும். விசைய லேசா தொட்டா போதும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ரிவால்வர்ல ஒரு குண்டு வெடிக்கலைன்னா மறுபடி விசைய இழுத்தா அடுத்தது வந்துடும். இது சிக்கிக்கிட்டா நின்னு எடுத்துத்தான் விடணும்."

முதலாவது நைனா முகம்மதின் கைக்குப் பெரிது. இரண்டாவது சிறியது, ஆனால் அதன் மேல்மூடி வழுக்கியது. மூன்றாவது தட்டையாக, ஏழு அங்குல நீளத்தில் இருந்தது. அதன் மூடியை இடது உள்ளங்கையால் முழுசாகப் பற்றி இழுத்தார், வந்தது. வலது விரலை விசையில் வைத்தார், நகர்ந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை. பத்துத் தடவை செய்து பார்த்தார். கடைக்காரர் சலிக்காமல் ஒரு மணி நேரம் பேசினார், அந்த பிஸ்டலின் அசல் அளவில் அச்சிட்ட படம் ஒன்றையும் கொடுத்தார். ரசியா போன பிறகு ஒருவர் தன்னோடு ஒரு மணி நேரம் பேசியது இதுதான் முதல் தடவை என்று திரும்பி வரும் ரயிலில் அவருக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாமே என்றும் தோன்றியது.

ஆதிநாராயணன் பேசும்போதே கோப்பில் ஏறும்படி பேசுவார். கோதண்டபாணி பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே இருப்பார்.

"ஆயுதம் என்பது தாலி கட்டிய மனைவி போன்றது. ஒருவருக்கு ஒன்று. பத்தொன்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்துவிட்டு, இப்போது எடை குறைந்ததாக, மெல்லியதாக வேறொன்று வேண்டும் என்கிறீர். முதல் ஆயுதம் உமக்கு என்ன குறை வைத்தது?"

"அது ஒரு குறையும் வெக்கலீங்கய்யா. வெரலுதான் மடங்க மாட்டேங்குது."

"அப்படியானால் விரலை மாற்றுவதற்கு விண்ணப்பம் செய்யும்."

"அதுக்குப் படிவம் இருக்குதுங்களா?"

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். "வெரலுக்கு இன்னும் வரலீங்கய்யா" என்றார் கோதண்டபாணி.

"அரைத் தானியங்கி என்று எழுதியிருக்கிறீர். மீதி அரைக்கு யார் பொறுப்பு?"

"நான்தாங்க."

"எழுதிக்கொள்ளும். மீதி அரை, விண்ணப்பதாரர்."

புது ஆயுதத்துக்குப் படிவம் ஏழில் மனு கொடுத்த அன்றே பழையதை ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்புகிறவர் நம்பத் தகாதவர் என்பது விதி. நைனா முகம்மது ரிவால்வரைப் பழைய பனியன் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். அதைச் சாக்குத்துணியில் சுற்றி, அரக்கு வைத்து, தலைமையிடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உருக்கிவிடுவார்களாம். வீட்டுக்கு நடந்து வரும்போது பெல்ட் தொளதொளவென்று இருந்தது. நடுரோட்டில் நின்று ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. பிஸ்டல் வந்தே ஆக வேண்டும். ஆகவே அவர் தினமும் அலுவலகத்துக்குப் போனார்.

அடுத்து வந்தது அச்சமின்மைச் சான்று. 'மேற்படியாரிடம் ஆயுதம் இருப்பதால் எனக்கு அச்சமில்லை' என்று வீட்டிலுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"வூட்டுல யாரும் இல்லீங்க" என்றார் நைனா முகம்மது.

"அப்படின்னா, 'வூட்டுல யாரும் இல்லை'ன்னு வூட்டுல இருக்கறவங்க ஒருத்தரு எழுதிக் குடுக்கணும் பாய்" என்றார் கோதண்டபாணி.

"யாருமே இல்லாதப்ப யாருங்க எழுதறது?"

"அதான் சிக்கலு. போன வருஷம் நல்லூர்க்காரரு ஒருத்தருக்கும் இதே மாதிரி ஆச்சு. பாவம், கல்யாணம் பண்ணிக்கிட்டாரு."

மறுநாள் அமிர்தத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "நான் வாசலோட வந்துட்டுப் போறவ பாய். வூட்டுல இருக்கறவன்னு எப்படி ரேகை வெக்கறது? எங்க வூட்டுக்காரரு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அதிகாரியே வழி கண்டுபிடித்தார். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கோப்பில் ரசியா பேகம் போட்டுக் கொடுத்த சான்று இருந்தது. அதன்மேல் ஆதிநாராயணன் எழுதிய உத்தரவு இது: "அன்னார் காலமாகிவிட்டதாக அறிகிறோம். எனினும் காலமாகும் முன் இச்சான்றை அவர் திரும்பப் பெற்றதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அவருக்கு இன்னமும் அச்சமில்லை. வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை: இரண்டு."

நைனா முகம்மது அந்தத் தாளைப் பார்த்தார். நீல மசி. ரசியாவுக்கு அப்போது முப்பது வயது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. பார்ப்பதற்குள் கோப்பை மூடிவிட்டார்கள். இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ஆவணத்தைப் பார்க்கத் தனி மனு வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாள் கழித்து மூன்று நிமிஷத்துக்கு அனுமதி வந்தது. கோதண்டபாணி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் ஆன பிறகும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா முகம்மது அழுதார்.

சான்று முடிந்ததும் ஆயுதத்தைப் பார்வையிட வேண்டும்.

"பார்க்காத ஆயுதத்துக்குப் பொருத்தம் பார்க்க இயலாது" என்றார் ஆதிநாராயணன். "உரிமம் இல்லாமல் அதை இங்கே கொண்டுவந்தால் உம்மைக் கைது செய்ய வேண்டியிருக்கும். உரிமம் தருவதற்கோ அதை நான் பார்த்தாக வேண்டும். எனவே ஒரு மாதிரி செய்து கொண்டுவாரும். பீங்கானில் செய்யும். உள்ளூர்த் தொழிலை ஊக்குவிக்கும்படி சுற்றறிக்கை வந்திருக்கிறது."

சுற்றறிக்கையை அந்த அலுவலகம் மனசார ஏற்றுக்கொண்டிருந்தது. மைக்கூடு, பேனாத் தாங்கி, காகிதக் கனம் எல்லாம் பீங்கான். முத்திரைக்கட்டையைக்கூடப் பீங்கானில் செய்து, முதல் முத்திரையிலேயே உடைத்திருந்தார்கள்.

பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு பிடிப்பவர் தங்கராசு. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, எது கேட்டாலும் அச்சு எடுப்பார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு அங்குலமா? அப்ப எட்டு அங்குலத்துக்கு அச்சு புடிக்கணும் பாய். மண்ணு காயறப்ப கொஞ்சம் சுருங்கும், சூளையில வேகறப்ப இன்னுங்கொஞ்சம் சுருங்கும். எட்டுல ஒரு பங்கு போயிடும். எங்க தொழில்ல எல்லாமே பெருசாத்தான் பொறக்கும்."

பிளாஸ்டர் அச்சு தயாரானது. ஆனால் மாதிரியின் அச்சையும் அலுவலகம் சோதிக்க வேண்டும் என்று ஒரு உப விதி இருந்தது. கோதண்டபாணி அளவுகோலோடு வந்தார், அளந்தார், முகம் சுளித்தார்.

"எட்டு அங்குலம் இருக்குதே. படத்துல ஏழுதான?"

"சுருங்கும்ங்க சார்" என்றார் தங்கராசு.

"சுருங்கும்னு எனக்குத் தெரியும்பா. நானும் இந்த ஊருதான். ஆனா அய்யாகிட்ட என்னன்னு எழுதறது?"

எழுதிக் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: "மண் சுருங்கும் என்பதற்கு அரசாணை ஏதும் இல்லை. அச்சு ஏழு அங்குலம் இருத்தல் வேண்டும்."

தங்கராசு அதை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். "அரசாணை இல்லேன்னா சுருங்காதுங்களா?" என்று கேட்டார். எட்டு அங்குல அச்சை மூலையில் வைத்துவிட்டு ஏழு அங்குலத்துக்குப் புது அச்சு பிடித்தார். அவர் அச்சு பிடிப்பதையும், கரைத்த மண்ணை ஊற்றுவதையும் நைனா முகம்மது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். பார்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. போக வேறு இடம் இல்லை.

மண் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. சூளை பிரித்தபோது பிஸ்டல் ஆறு அங்குலம் ஒரு நூல் இருந்தது. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கறுப்புப் பூச்சு கைவசம் இல்லாததால் ஊறுகாய் ஜாடிக்கு ஊற்றும் கிளேசையே ஊற்றியிருந்தார் தங்கராசு. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. "நல்லா வெந்திருக்குது பாய், தட்டிப் பாருங்க" என்றார். நைனா முகம்மது தட்டினார். ணங்கென்று சத்தம் வந்தது.

பொருத்தம் பார்ப்பது ஒரு நாள் முழுக்க நடந்தது. கைப்பொருத்தம், கண்பொருத்தம், எடைப்பொருத்தம், குணப்பொருத்தம் என்று பத்து. குணப்பொருத்தத்துக்கு நைனா முகம்மதையும் மாதிரியையும் ஒரு அறையில் அரை மணி நேரம் தனியாக விட்டு, ஜன்னல் வழியாகக் கவனித்தார்கள். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஒன்பது பொருந்தியது. பத்தாவது வம்சவிருத்தி, அது ஆயுதத்துக்குப் பொருந்தாது என்று விதியிலேயே விலக்கு இருந்தது.

"அய்யா, அசலு ஏழு அங்குலமுங்க. இது மண்ணு சுருங்கிப்போயி..."

"சுருங்கியது எம் பார்வைக்கு வரவில்லை. எம் பார்வைக்கு வந்தது இதுதான்" என்று சொல்லி, உரிமத்தில் ஆறு அங்குலம் ஒரு நூல் என்று ஆதிநாராயணன் தன் கையாலேயே எழுதினார். பிறகு எழுந்து நின்றார். உரிமம் வழங்கும்போது உரையாற்றுவது மரபு. பதின்மூன்று பேரும் வந்து வரிசையாக நின்றார்கள்.

"இந்த அலுவலகம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை எம் உரிமம் பெற்ற எந்த ஆயுதத்தாலும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை எவ்வாறு சாதித்தீர்கள் என்று மேலிடம் கேட்டது. மறைக்க ஒன்றுமில்லை என்று பதில் எழுதினேன். ஆயுதம் வேண்டும் என்று ஒருவர் இளமையில் மனுச் செய்கிறார். அவர் கை நடுங்கத் தொடங்கும் வரை நாங்கள் பரிசீலிக்கிறோம். பொறுப்புணர்வு என்பது இதுதான்." எல்லோரும் கைதட்டினார்கள். நைனா முகம்மதும் தட்டினார். விரல் வலித்தது.

மறுவாரம் மெட்ராசில் கோட்டு போட்ட பெரியவர் உரிமத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அந்தத் தட்டை பிஸ்டலை எடுத்து அளந்தார்.

"ஏழு நூல் அதிகமா இருக்கே சார். உரிமத்துல போட்ட அளவுக்கு ஒரு மயிரிழை கூடினாலும் நான் விக்கக் கூடாது. இந்த அளவுல உலகத்துலயே யாரும் செய்யறதில்ல. நிறம் வேற என்னமோ போட்டிருக்காங்களே, ஊறுகாய் ஜாடின்னு?"

"ஆமாங்க" என்றார் நைனா முகம்மது. வேறென்ன சொல்வது? கடைக்காரர் அன்று பத்து நிமிஷம்தான் பேசினார். வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக அலுவலகத்துக்குப் போனார்.

"உரிமம் எதற்கு வழங்கப்பட்டது?" என்று கேட்டார் ஆதிநாராயணன். "ஆறு அங்குலம் ஒரு நூல் நீளமும், ஊறுகாய் ஜாடி நிறமும் உள்ள அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்றுக்கு. அந்த ஆயுதம் எங்கே இருக்கிறது?" அவர் தன் மேசையைச் சுட்டினார். "இங்கே இருக்கிறது. கடைக்காரரிடம் இருப்பது ஏதோ ஒரு பெரிய போலி."

"இதுல சுட முடியாதுங்களே அய்யா."

"சுட வேண்டும் என்று படிவம் ஏழில் எங்கேனும் கேட்டிருக்கிறோமா?"

நைனா முகம்மது நாற்பத்தொரு கேள்விகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். காது ஞாபகம் வந்தது, வலது கால் பெருவிரல் ஞாபகம் வந்தது, தாய்வழிப் பாட்டனார் இறந்த கிழமை ஞாபகம் வந்தது. சுடுவதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

"இல்லீங்கய்யா" என்றார்.

"கோதண்டபாணி, ஆயுதத்தை உரிமதாரரிடம் ஒப்படையும். எச்சரிக்கையாகத் தூக்கும்."

ரிவால்வருக்கு வருஷத்துக்கு ஒரு சோதனை. அரைத் தானியங்கி ஆபத்து மிகுந்தது என்பதால் மாதா மாதம், அதுவும் உரிமதாரரின் வீட்டிலேயே. மாதத்தின் முதல் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

முதல் வியாழன் அன்று கோதண்டபாணி துணிப்பையோடு வந்தார். பீரோவிலிருந்து பிஸ்டலை வாங்கி அளந்தார். ஆறு அங்குலம் ஒரு நூல். குழலை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். மருந்து வாடை இல்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தவரை, "ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்களேன்" என்றார் நைனா முகம்மது. விதியில் அதற்குத் தடை இருக்கிறதா என்று கோதண்டபாணி ஒரு நிமிஷம் யோசித்தார். இல்லை. உட்கார்ந்தார். நைனா முகம்மது அலமாரியின் மேல்தட்டிலிருந்து ரசியாவின் டம்ளரை எடுத்துக் கழுவினார். மூன்று வருஷத்துத் தூசி இருந்தது.

அன்று முதல் அந்த வீட்டில் மாதம் என்பது வியாழனில் தொடங்கியது. செவ்வாய்க்கிழமையே வீடு பெருக்குவார். புதன்கிழமை ஜங்ஷன் பக்கம் போய் டீக்குத் தொட்டுக்கொள்ள வருக்கி வாங்கி வருவார். வியாழன் காலை பத்து மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோதண்டபாணி வந்து அளப்பார், மோந்து பார்ப்பார், டீ குடிப்பார், பேசுவார். பெரிய மகள் கணக்கில் தவறியது, முட்டிக்கு யாரோ சொன்ன எண்ணெய், ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டது. ஒரு மாதம் குழலுக்குள் எறும்பு இருந்தது. அதை 'உள்ளே உயிருள்ள பொருள், எட்டு' என்று பதிவேட்டில் எழுதினார்கள். எட்டா ஒன்பதா என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. அந்த மாதம் முழுக்க நைனா முகம்மது அதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். பீங்கான் துப்பாக்கி எதற்கும் உதவாது என்று ஊரில் கேலி செய்தார்கள். பத்தொன்பது வருஷம் வைத்திருந்த ரிவால்வர் ஒரு ஆளைக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பதினான்காம் மாதம் கோதண்டபாணி சிரித்த முகத்தோடு வந்தார்.

"பாய், சந்தோஷமான சேதி. பதினாலு மாசமா உங்க ஆயுதத்துல ஒரு குறையும் இல்ல. நீளம் மாறல, கீறல் இல்ல, வெடிக்கல. இந்த மாதிரி ஒரு ஆயுதத்தை என் சர்வீசுல பாத்ததே இல்லேன்னு அய்யா எழுதிட்டாங்க. குறையற்ற ஆயுதம்னு வகைப்படுத்தியாச்சு. இனிமே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் சோதனை போட்டா போதும்."

நைனா முகம்மது டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அஞ்சு வருஷமா?"

"ஆமாங்க. எழுபத்தொம்போதுல வருவோம். எனக்கும் முட்டிக்கு இந்த அலைச்சல் மிச்சம்."

"கொறை இருந்தா?"

"இருந்தா பெரிய தொல்லைங்க. வாரா வாரம் மூணு பேரு குழுவா வந்து உக்காந்துடுவாங்க. கொறை தீர்ற வரைக்கும் விட மாட்டாங்க. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல." கோதண்டபாணி டீயைக் குடித்து முடித்தார், வருக்கித் துகளைத் தட்டிவிட்டார். "வரேன் பாய். ஒடம்பப் பாத்துக்குங்க." வாசல்வரை போனவர் திரும்பி ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த மாதம் முதல் வியாழன். வேண்டாம் என்று தெரிந்தும் நைனா முகம்மது புதன்கிழமை வருக்கி வாங்கியிருந்தார். பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டார். பதினொன்று அடித்தது. பதினொன்றரை ஆனது. இரண்டு டம்ளரிலும் டீ ஆறி ஆடை படிந்தது. ரோட்டில் ஒரு பஸ் போன சத்தம் கேட்டு, பிறகு அதுவும் கேட்கவில்லை.

எழுந்து பீரோவைத் திறந்து பிஸ்டலை எடுத்தார். சமையல்கட்டில் அம்மியின்மேல் துணியை மடித்துப் போட்டு அதை வைத்தார். குழவியைத் தூக்கி விசையின்மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. தங்கராசு நன்றாகத்தான் வேகவைத்திருந்தார். இன்னொரு தட்டு தட்டினார். விசை முறிந்து துணியில் விழுந்தது. விரல் வலிக்கவே இல்லை.

கூடத்துக்கு வந்து, தாளை எடுத்து, அந்த அலுவலகத்தில் கற்றுக்கொண்ட தமிழில் எழுதினார்:

"ஆயுதப் பொருத்தப் பரிசீலனை அதிகாரி அவர்களுக்கு, உரிமதாரர் நைனா முகம்மது பணிவுடன் எழுதிக்கொள்வது. எனது குறையற்ற ஆயுதத்தில் இன்று காலை குறை ஏற்பட்டுள்ளது. விசை முறிந்துவிட்டது. இது மிகவும் ஆபத்தான நிலை என்று கருதுகிறேன். குழுவை உடனே அனுப்பக் கோருகிறேன். இன்ன நேரம் என்று இல்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன்."